மேலே சரி, கீழே எப்படி?

வாட்டில் கேப்
1987 பிப்ரவரி 2

அன்புள்ள டெஸ் மாமா,

மேலே சரி. கீழே எப்படி?

பாருங்கள், காலை போன் வசனத்தில் உங்கள் பங்கை நான் பிடுங்கிக்கொண்டேன். நீங்கள் கடல்மட்டத்துக்கு இறங்கிவிட்டீர்கள், நான் இன்னும் மலையில் இருக்கிறேன். ஒரு வேலையும் செய்யாமல் கிடைத்த பதவி உயர்வு.

அம்மா இன்னும் தினமும் அடிவார டிக்கெட் கூண்டிலிருந்து மலை உச்சி லிஃப்ட் கொட்டகைக்குப் போன் போடுகிறாள். உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் கார்த், "கீழே சரி, மேலே எப்படி?" என்று கேட்டால் "ம்" என்கிறார். அம்மா விடுவாளா? "'ம்'னா என்ன அர்த்தம்? சரின்னு சொல்லு, இல்ல சரியில்லன்னு சொல்லு. சரியில்லன்னா சரியாகுற வரைக்கும் நான் போனை வைக்க மாட்டேன், நீயும் வைக்கக் கூடாது. டெஸ் உனக்கு இதக்கூடவா சொல்லித் தரல?" லிஃப்ட் நாற்காலிகள் கால் மணி நேரம் தாமதமாகத்தான் நகர்கின்றன.

அது என்ன ஊர் மாமா, பிளஃப்? நியூசிலாந்தின் கடைசி முனையில் அப்படி ஒரு ஊர் இருக்கிறது என்று சொன்னால் என் வகுப்பில் ஒருவரும் நம்பவில்லை. "சும்மா பிளஃப் விடாதே" என்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

விசாரணை முடிந்து நீங்கள் கப்பலேறியதும் ஊர் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டது. ஹால்வர்சன் சார் திரும்பி வரும் முன்பே டெஸ் நோட்டில் அவர் பெயரை அடித்துவிட்டான், அதனால்தான் யாரும் தேடப் போகவில்லை, மனுஷன் பனியில் செத்தான் என்று சொன்ன அதே வாய்கள் இப்போது "பாவம், நல்ல ஆளு" என்கின்றன. நல்ல ஆள் என்று பெயர் வாங்க நாட்டை விட்டே போக வேண்டியிருக்கிறது.

பள்ளி திறந்துவிட்டது. புதுக் கணக்கு டீச்சர் வந்திருக்கிறார். அவர் அரை மார்க்கெல்லாம் குறைப்பதில்லை. முழுசு முழுசாகத்தான் குறைக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சரியாகச் சாப்பிடுங்கள்.

உங்கள் வாலு,
ரோனி

*

பிளஃப்
பிப்ரவரி 20

வாலு,

கீழே சரி. மேலே எப்படி?

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். கூட வேலை செய்கிறவன், "என்ன டெஸ், சிரிக்கவெல்லாம் தெரியுமா உனக்கு?" என்றான். அந்த அளவுக்கு ஆகிவிட்டது என் முகம்.

மீன் கொட்டகையில் வேலை. மார்ச்சில் சிப்பிப் பருவம் தொடங்கும். இப்போது கத்தி தீட்டுகிறேன், தரை கழுவுகிறேன். மலை என்று இவர்கள் காட்டுவதை நம் ஊரில் மேடு என்போம். பனி கிடையாது. அதற்காகத்தான் வந்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். பதினோரு வருஷமாக அந்த நோட்டு என் கையில் இருந்தது. பனிச்சறுக்குக் காலம் முடிந்து கோடை லிஃப்ட் ஓட ஆரம்பித்ததும், மலைக்குப் பின்னால் மிச்சம் கிடக்கிற பனியைத் தேடிப் போகிற பைத்தியங்கள் அதில் பெயர் எழுதிவிட்டுப் போவார்கள். திரும்பி வந்த முகத்தைக் கண்ணால் பார்த்துத்தான் பெயரை அடிப்பேன், பக்கத்தில் மணி எழுதுவேன். நாலரைக்கு ஒரு பெயர் அடிபடாமல் இருந்தாலும் லிஃப்ட் நிற்காது. விளக்கை எடுத்துக்கொண்டு நான் கிளம்பிவிடுவேன். அது உனக்கே தெரியும்.

அன்றைக்கு அவர் பெயர் அடித்திருந்தது. அப்படியானால் நான் ஒரு முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் தோளில் ஸ்கீ பலகையோடு வந்த மாதிரி ஞாபகம் என்று விசாரணையில் சொன்னேன். அது யார்? அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நீயும் மேலேதானே சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்? சிவப்புத் தொப்பியை நீ பார்த்தாயா? யோசித்து எழுது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். குளிர் ஆரம்பிக்கும் முன் விறகு வாங்கிப் போடச் சொல்.

டெஸ் மாமா

*

வாட்டில் கேப்
மார்ச் 15

அன்புள்ள மாமா,

மேலே சரி. கீழே எப்படி?

உங்களுக்குச் சிப்பி, எனக்குச் சிப்ஸ். ஒற்றை எழுத்தில் எவ்வளவு பெரிய கடல் ஓடுகிறது பாருங்கள்.

இந்த வாரச் செய்தி: தலைமை ஆசிரியரின் காருக்குள் ஒரு செம்மறியாட்டை ஏற்றினோம். "ஏற்றினோம்" என்பது இலக்கணம். பள்ளி அலுவலகத்துக்கு அது "ஏறிக்கொண்டது". ஆடு மறுப்புத் தெரிவிக்கவில்லை. ஆனால் அம்மா விஷயத்தைக் கேட்டதும், "உனக்குக் குளிர் விட்டுப்போச்சுடி" என்றாள். இந்த ஊரில் யாருக்கும்மா குளிர் விட்டுப்போகும் என்று கேட்டேன். கரண்டி பறந்தது. தப்பித்தேன்.

கார்த் உங்கள் ஸ்டூலில் மெத்தை போட்டு உட்கார்ந்திருக்கிறார். உங்கள் தேநீர்க் குவளையில் ஆணி போட்டு வைத்திருக்கிறார். அதைத் திருடி வந்துவிட்டேன். ஆணி இல்லாமல்தான். என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

தொப்பி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அன்றைக்கு நிறையப் பேர் வந்துபோனார்கள் மாமா, பிக்னிக் கூட்டம். எனக்குச் சிப்ஸ்தான் ஞாபகம் இருக்கிறது. நீங்களும் அதை நினைத்து மண்டையைக் குடைந்துகொள்ளாதீர்கள்.

அம்மா விறகு வாங்கிவிட்டாள். முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உங்கள் வாலு,
ரோனி

*

பிளஃப்
ஏப்ரல் 6

வாலு,

கீழே சரி. மேலே எப்படி?

முழங்கால் பரவாயில்லை. சமதரையில் அதற்கு வேலை குறைவு. சிப்பி திறக்கக் கற்றுக்கொண்டேன். உள்ளங்கையில் மூன்று வெட்டு. இங்கே ஒரு கடற்பறவையைப் பிடித்து உப்புப் போட்டுச் சமைக்கிறார்கள். அதற்கு ஆட்டிறைச்சிப் பறவை என்று பெயர். உன் தலைமை ஆசிரியர் காரில் அடுத்த முறை அதை ஏற்றலாம்.

இந்த வேலையில் கைதான் ஓடும், மனசு சும்மா இருக்கும். அதுதான் கெடுதல். மனசு அந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொள்கிறது. அன்றைக்கு எட்டுப் பேர். ஏழு பெயருக்குப் பக்கத்தில் மணி எழுதியிருக்கிறேன். அவருடையதில் கோடு மட்டும், மணி இல்லை. நான் மணி எழுதாமல் விட்டதே கிடையாது. சாத்தும் நேரத்தில் கோடுகளை மட்டும் எண்ணினேன், எட்டு வந்தது, விளக்கை அணைத்தேன். இருட்ட இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது ரோனி. மூன்று மணி நேரத்தில் அவர் விழுந்து கிடந்த ஓடைக்குப் போய்விட்டுத் திரும்பவே முடியும்.

பிக்னிக் கூட்டம் என்று எழுதியிருக்கிறாய். கூட்டத்தில் ஸ்கீ தூக்கியவர் ஒருவராவது இருந்தாரா? ஒரே ஒருவர் இருந்தார் என்று நீ சொன்னால் போதும். ஆளை மாற்றிப் பார்த்தேன் என்றாவது ஆகும். யாரையுமே பார்க்காமல் கோடு போடுகிறவன் ஆகிவிட்டேனா என்பதுதான் என் பயம்.

குவளையை நீயே வைத்துக்கொள்.

டெஸ் மாமா

*

வாட்டில் கேப்
ஜூன் 9

அன்புள்ள மாமா,

மேலே சரி. கீழே எப்படி?

இரண்டு மாதமாக எழுதவில்லை, மன்னிக்கவும். பரீட்சை. பிறகு ஜலதோஷம். பிறகு பேனா தொலைந்துவிட்டது. மூன்றில் இரண்டு உண்மை.

நேற்று இந்தக் குளிர்காலத்தின் முதல் பனி விழுந்தது. லிஃப்டுக்குப் புதுக் கம்பிவடம் மாட்டியிருக்கிறார்கள்.

வேறொன்றும் விசேஷமில்லை. கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். அம்மா பின்னியது. இரண்டும் ஒரே அளவில் இருந்தால் அது தற்செயல்.

ரோனி

*

பிளஃப்
ஜூன் 24

வாலு,

கீழே சரி. மேலே எப்படி?

காலுறை வந்தது. இடது கால் சற்றுப் பெரிய மனுஷன். அம்மாவிடம் பொருந்துகிறது என்று சொல்.

உன் கடிதம் உன்னுடையது மாதிரி இல்லை. உடம்பு உண்மையிலேயே சரியில்லையா?

இங்கே ஒரு வேலை வந்தது. எதிர்த் தீவுக்குப் போகிற படகில் ஆள் எண்ணும் வேலை. போகிறவர்களை எண்ணி ஏற்ற வேண்டும், வருகிறவர்களை எண்ணி இறக்க வேண்டும். படகுக்காரர் என்னைப் பற்றித் தெரிந்தே கேட்டார். "பதினோரு வருஷம் மனுஷங்களை ஏத்தி இறக்கின ஆளு, உன்னை விட்டா இதுக்கு யாரு?" என்றார். நான் வேண்டாம் என்றேன். பதினான்கு பேர் என்று நான் சொன்னால் பதினான்குதானா? எனக்கே நம்பிக்கையில்லை. தெருவில் எதிரே வருகிறவரைக்கூட இரண்டு தடவை பார்க்கிறேன்.

ஹோபார்ட்டிலிருந்து ஹால்வர்சனின் அக்கா சிக்னே எழுதியிருந்தார். என் விலாசத்தை எப்படியோ தேடிப் பிடித்திருக்கிறார். நீண்ட கடிதமில்லை. "உங்களை மன்னித்துவிட்டேன், நீங்களும் தூங்குங்கள்" என்று இருந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். சிப்பித் தண்ணீர் பட்டு மை கலைந்துவிட்டது. தகுதியில்லாத ஒன்றைப் பையில் வைத்திருக்கிற மாதிரி இருக்கிறது, அல்லது என்னுடையதே அல்லாததை. எது என்று தெரியவில்லை.

கடைசியாகக் கேட்கிறேன், இனிமேல் கேட்க மாட்டேன். அன்றைக்கு நீ எதையாவது பார்த்தாயா?

டெஸ் மாமா

*

வாட்டில் கேப்
ஜூலை 5

மாமா,

மேலே சரியில்லை.

நான் பார்த்தேன். சிவப்புத் தொப்பி எதுவும் வரவில்லை. நீங்கள் கோடு போடவில்லை. நான் போட்டேன்.

அந்த வாரம் கணக்குப் பரீட்சைத் தாள் கொடுத்தார்கள். ஒரு விடைக்குப் பக்கத்தில் செ.மீ. என்று எழுதவில்லை, அரை மார்க் போயிற்று. நாற்பத்தொன்பதரை. ஐம்பது வந்தால்தான் பாஸ். நான் ஹால்வர்சன் சாரிடம் போய்க் கெஞ்சினேன். "மீட்டரா, மைலான்னு சொல்லாம வெறும் நம்பரை வச்சு என்னம்மா பண்றது ரோனி?" என்றார். வகுப்பே சிரித்தது. வழக்கமாகச் சிரிக்க வைக்கிறவள் நான்.

சனிக்கிழமை மேலே வந்தபோது நோட்டில் அவர் பெயர் இருந்தது. ஹால்வர்சன், 11.20. பெயரை அடித்துவிட்டால் நீங்கள் நாலரைக்கு லிஃப்டை நிறுத்திவிடுவீர்கள், அவர் அந்த முரட்டு பூட்ஸோடு ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு மலை முழுக்க நடந்தே இறங்க வேண்டும். அவ்வளவுதான் மாமா. நடக்க வைப்பது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

நீங்கள் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தீர்கள். "மாமா, வினிகர் இல்லாம எப்படித் திங்கிறது?" என்றேன். "மகாராணிக்கு வினிகர் வேற" என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போனீர்கள். கயிற்றில் கட்டியிருந்த பென்சிலை எடுத்தேன். தப்பான விடையைக் கிறுக்கக் கூடாது, ஒரே கோடாக அடிக்க வேண்டும் என்று சார் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒரே கோடாக அடித்தேன். கிறுக்கியிருந்தால் உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். மணி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் வினிகரோடு வந்தீர்கள். நான் சாப்பிட்டேன்.

அவர் வருவதைப் பார்த்துச் சிரிக்க ஒரு அட்டை செய்து வைத்திருந்தேன். "தாமதம்: அரை மார்க் குறைப்பு." அதைப் பிடித்துக்கொண்டு அடிவாரத்தில் ஏழரை மணிவரை நின்றேன். அவர் வரவில்லை. வேறு பாதையில் இறங்கிப் போய்விட்டார், என்னைப் பார்த்துவிட்டுத்தான் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தேன். கோபமாக வீட்டுக்குப் போய் அட்டையை அடுப்பில் போட்டேன்.

இதற்கு அடுத்ததைத்தான் என்னால் எழுத முடியாமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் அவர் வீட்டுப் பக்கம் போனேன். புகைபோக்கியில் புகை இல்லை. மதியமும் போனேன், இல்லை. அப்போது அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் திட்டு விழும் என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். மலைக்குப் போய்ச் சறுக்கிவிட்டு வந்தால் எத்தனை வளைவு வளைந்தார் என்று கரும்பலகை மூலையில் ஒரு எண் எழுதுவாரே, அந்த எண் இல்லை. அப்புறம்தான் எல்லோரும் தேடினார்கள். ஓடைக்கு மேல் மெலிந்திருந்த பனி உடைந்து, அவர் உள்ளே விழுந்து, தொடை எலும்பு முறிந்து கிடந்தார். ஞாயிறு விடியும்வரை உயிர் இருந்திருக்கலாம் என்று விசாரணையில் டாக்டர் சொன்னபோது நான் உங்களுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் தலையைக் குனிந்தீர்கள். உங்கள் கழுத்தின் பின்பக்கம் தெரிந்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

அந்த அக்காவின் மன்னிப்பு உங்களுடையது இல்லை. என்னுடையதும் இல்லை, அவருக்கு என்னைத் தெரியாதே.

நீங்கள் பதினான்கு என்று சொன்னால் அது பதினான்குதான் மாமா.

வெரோனிக்கா

*

பிளஃப்
ஆகஸ்ட் 11

ரோனி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது.

கோடுகளை மட்டும் எண்ணியது நான். அது என் பங்கு, அதை நீ எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் நான் உன்னை மூன்று தடவை கேட்டேன். சிவப்புத் தொப்பி என்று ஒன்று இல்லவே இல்லை. எட்டு மாதமாக இல்லாத ஒருவனுக்கு முகம் தேடிக்கொண்டிருந்தேன். கோடு போட்டது விளையாட்டு, ஞாயிற்றுக்கிழமை பயம். இரண்டும் எனக்குப் புரிகிறது. நான் கேட்ட பிறகு நீ ஆட்டைப் பற்றி எழுதினாயே, அதுதான் புரியவில்லை.

நானாக எழுதும்வரை எழுதாதே.

டெஸ்மண்ட்

*

வாட்டில் கேப்
ஆகஸ்ட் 23

மாமா,

எழுதாதே என்றீர்கள். இது கடிதமில்லை, தகவல். பதில் வேண்டாம்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவன் பிறந்த ஊரை விட்டுட்டுப் போனான்டி" என்று மட்டும் சொன்னாள். திரும்பத் திரும்ப அதையே.

மறுநாள் அம்மாவே என்னைப் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். சார்ஜெண்ட் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். விசாரணைக் கோப்பை மறுபடி திறப்பார்களாம். எனக்கு என்ன ஆகும் என்று இன்னும் தெரியாது. லிஃப்ட் அலுவலகத்திலும் போய்ச் சொன்னேன். மேலாளர், "டெஸ் வந்தா அவன் வேலை அவனுக்குத்தான்" என்றார். கார்த், "நான் வேணும்னா மெத்தையை எடுத்துக்கிறேன்" என்றார். நான் சிரிக்கவில்லை.

சிக்னே அம்மாவுக்கும் எழுதிவிட்டேன். உங்களை மன்னித்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே மன்னிக்க ஒன்றுமில்லை என்று எழுதினேன்.

பள்ளியில் யாரும் என்னோடு பேசுவதில்லை. நானும் ஒன்றும் சொல்வதில்லை. வேடிக்கையான எதுவும் தோன்றுவதும் இல்லை.

வெரோனிக்கா

*

வாட்டில் கேப்
நவம்பர் 10

மாமா,

இதுவும் தகவல்தான்.

சிக்னே அம்மா நேற்று முன்தினம் வந்தார், தம்பி இறந்த வருஷ நாளுக்காக. அவர் அறுபதைத் தாண்டியவர், ஆனால் ஸ்கீ கொண்டுவந்திருந்தார். தம்பியுடையது. அம்மாவின் கூண்டில் வந்து நின்று, "அந்தப் பொண்ணு யாரு?" என்றார். நான்தான் என்றேன். "உனக்குச் சறுக்கத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "எனக்கு வழி தெரியாது. நீ கூட்டிட்டுப் போ" என்றார்.

லிஃப்டில் எங்களுக்கு முன் நாற்காலியில் ஒரு குடும்பம் கேக் டப்பாவோடு போனது. மேலே நோட்டில் இரண்டு பெயரும் எழுதினோம். புல்லும் பூவும் தாண்டி ஒரு மணி நேரம் நடந்தோம். இந்த வருஷம் பனி குறைவு, நிழல் விழும் சரிவில் மட்டும் ஒரு நீளப் பட்டையாகக் கிடந்தது. ஓடை திறந்து ஓடிக்கொண்டிருந்தது.

தம்பியின் சட்டைப் பையில் ஒரு காகிதம் இருந்ததாம். அதில் 19 என்று எழுதியிருந்ததாம். "அது என்ன நம்பருன்னு யாருக்கும் தெரியல. உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். சார் கரும்பலகையில் எழுதுகிற வளைவுக் கணக்கு என்று சொன்னேன். அவர் பட்டையின் தலைக்கு ஏறினார், நானும் ஏறினேன். "இருபதிலேருந்து ஆரம்பிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு வளைவையும் எண்ணிக்கொண்டே இறங்கினார், சத்தமாக, அவருடைய மொழியில். கீழே வந்து நின்றபோது எனக்கு அந்த மொழி தெரியாததால் எத்தனை என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. வரும்போது தன் பையிலிருந்து பாதி ரொட்டி கொடுத்தார்.

கார்த் எங்கள் இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் பெயரை அடித்தார். மணி எழுதினார். 3.52. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெரோனிக்கா

*

பிளஃப்
நவம்பர் 29

வாலு,

படகு வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். இன்று காலை பதினான்கு பேர் போனார்கள். சாயங்காலம் பதினான்கு பேர் வந்தார்கள். இரண்டு தடவை எண்ணினேன்.

கீழே இன்னும் சரியில்லை.

போனை வைத்துவிடாதே.

டெஸ் மாமா